பீச்சாங்கை

வலது கை மாவுக்கட்டுக்குள் இருக்கிறது.
ஐந்தாவது வாரம். உள்ளே அரிக்கிறது.
சாப்பாட்டுக் குச்சி ஒன்றை விட்டுச் சொறிந்துகொள்கிறேன்.

ஈசூன், ஒன்பதாம் மாடி, மதியம்.
மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து
அதன்மேல் கத்தரிக்கோல், மிச்சம் கிடந்த அங் பாவ் உறைகள்,
போன வருஷத்து மூன்கேக் டப்பாவின் அட்டை.
பசை காய்ந்துபோயிருந்தது.
காலையில் வடித்த சோற்றில்
நாலு பருக்கை எடுத்துக்கொண்டேன்.

கத்தரிக்கோல்கூட வலக்கைக்காரர்களுக்கென்றே செய்தது.
இடக்கையில் பிடித்தால் வெட்டாது, கடிக்கும்.
அட்டையின் ஓரமெல்லாம் எலி தின்ற மாதிரி.

கல்லாப்பெட்டி வேலை முடித்து வந்த குமுதவல்லி
செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்:
"வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போட்டுவிட்டால் போதாதா?
பீச்சாங்கையால் யாராவது நன்றி சொல்வார்களா?"

கும்பிடு படத்துக்கு இரண்டு கை வேண்டும்.
என்னிடம் இப்போது இருப்பது ஒன்று.

முதல் அட்டை தாதி மர்லினுக்கு.
என் தலைமுடியில் காய்ந்திருந்த ரத்தத்தை
கூந்தலுக்கு எண்ணெய் வைப்பதுபோல் பொறுமையாகக் கழுவியவள்.
பைக் வரைந்தேன். ஆடு வந்தது.
இருக்கட்டும், ஆட்டுக்கு ஒரு ஹெல்மெட் போட்டுவிட்டேன்.

இரண்டாவது ஃபோர்மேன் சோங்குக்கு.
"கை இல்லாட்டி வாய் இருக்குதானே, வந்து கணக்குச் சொல்லு" என்று
என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பவர்.
மூன்றாவது எதிர்வீட்டு ஹாஃபிஸுக்கு.
தினமும் கதவுக் கம்பியில்
கோப்பி ஓ பொட்டலம் தொங்கவிட்டு
மணி அடித்துவிட்டு ஓடுகிற பையன்.

நான்காவதற்குப் பெயர் இல்லை.

சிலேத்தர் விரைவுச்சாலை, விடிகாலை ஆறு பத்து, மழை.
முகம் பார்க்கவில்லை, கண்ணில் ரத்தம்.
தெரிந்ததெல்லாம் மஞ்சள் பூட்ஸ் ஒரு ஜோடி,
இடது முனையில் பச்சைப் பெயிண்ட் சொட்டியது.
என் தலையை மடியில் தாங்கிக்கொண்டு
"ஜாங்கான் தீடோர், அபாங், ஜாங்கான் தீடோர்."
தூங்காதே அண்ணே, தூங்காதே.
தூங்கவில்லை.
ஆம்புலன்ஸ் வந்ததும் பூட்ஸ் போய்விட்டது,
அதற்கும் வேலைக்கு நேரமாகியிருக்கும்.
போலீஸ் படிவத்தில் சாட்சி என்ற கட்டத்துக்குள்
ஒரு கோடு.

அந்த ஆளுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.
ந, பிறகு ன, நாக்கைக் கடித்துக்கொண்டு.
புள்ளி வைக்கும்போது இடக்கை அழுத்திவிட்டது.
பேனா அட்டையைத் துளைத்து
மறுபக்கம் செய்தித்தாளில் ஒரு மந்திரியின் மூக்கில் நின்றது.
கீழே திரிமா காசே என்றும் எழுதினேன்,
எழுத்துகள் மழைக்கு ஒதுங்கியவர்கள்போல்
ஒன்றன்மேல் ஒன்று.

"இது யாருக்கு?"
"தெரியாது."
"விலாசம்?"
"தெரியாது."
அவருக்குத் தமிழும் தெரியாது என்றேன்,
ஓட்டையாக இருந்தால் என்ன.

"புள்ளி இல்லாட்டி அது நனறி" என்றாள்.
குளியலறைக்குப் போனாள்.
கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கும் பொட்டுகளில்
சிவப்பு ஒன்றை நகத்தால் எடுத்துவந்து
ன-வின் தலையில் ஒட்டினாள்.
இடக்கையால்தான். வலக்கையில் உப்புப் புளி.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் தலையைத் தாங்கியது எந்தக் கை என்று
அன்றைக்கு யார் பார்த்தது.

மூன்று அட்டையும் போய்ச் சேர்ந்துவிட்டன.
மர்லின் ஆட்டைப் பார்த்து
நாயா என்று கேட்டாளாம்.
நான்காவது சட்டைப்பையில் இருக்கிறது,
வியாழக்கிழமை கட்டு பிரிக்கிறார்கள்.
பைக்கை எடைக்குப் போட்டாயிற்று.
இனிமேல் பஸ்தான்,
ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் காலையெல்லாம்
பார்த்துக்கொண்டே போகவேண்டும்.